மகளின் துணைவர் பைக்கி கும்பலில் இருக்கிறார்: ஆய்வு சொல்வதும் தாய் செய்யக்கூடியதும்

கேள்வி:

சிட்னியின் மேற்குப் பகுதியில் நீண்ட காலமாக வசிக்கும் இலங்கைத் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. 26 வயதான என் மகள் ஒருவருடன் சேர்ந்து வாழ்கிறாள். அவர் ஒரு மோட்டார் சைக்கிள் கிளப்பில் சேர முயன்றுகொண்டிருந்தவர். இந்த வருடத் தொடக்கத்தில் முழு உறுப்பினராகி, முதுகில் சின்னம் தைத்த மேலங்கியை அணியத் தொடங்கிவிட்டார். அவர் கை நீட்டியதே இல்லை என்று மகள் சொல்கிறாள். ஆனால் அவளுடைய தொலைபேசியை அவர் பார்க்கிறார், அவளுடைய சம்பளம் அவர் சொல்லும் கணக்குக்குப் போகிறது, எங்கள் வீட்டுக்கு அவள் வருவதும் குறைந்துவிட்டது. போன மாதம் வந்தபோது கழுத்தில் கன்றிய அடையாளம் இருந்தது. கேட்டதற்கு ஜிம்மில் பட்டது என்றாள். பைக்கி எனப்படும் இந்த மோட்டார் சைக்கிள் கும்பல்களில் இருப்பவர்கள் வீட்டுப் பெண்களைத் துன்புறுத்துவது அதிகம் என்று ஓர் ஆய்வு சொல்வதாகச் செய்தியில் கேட்டேன். அது உண்மையா? அந்தக் கும்பல்தான் அவரை இப்படி மாற்றியதா, விலகி வந்தால் சரியாகிவிடுவாரா? அவருடைய பழைய வழக்குகளை அறிந்துகொள்ள வழி உண்டா? மகளுக்குத் தெரியாமல் நான் போலீசுக்குப் போகலாமா?

– ஒரு தாய், நியூ சவுத் வேல்ஸ்

பதில்:

அன்புள்ள அம்மா,

நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு வருமுன், நீங்கள் கேள்வியாக எழுப்பாமல் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்ட ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மகளின் கழுத்தில் இருந்த அடையாளம் உண்மையிலேயே ஜிம்மில் பட்டதாக இருக்கலாம். அப்படி இருந்தால் நிம்மதி. ஆனால் குடும்ப வன்முறைச் சேவைகளில் பணியாற்றும் எவரும் உங்கள் கடிதத்தில் அந்த வரியைத் தாண்டிச் சென்றிருக்க மாட்டார்கள். அறைதல், தள்ளுதல், உதைத்தல் என்ற வரிசையில் இன்னொன்றாகக் கழுத்தை நெரித்தலை நாங்கள் எண்ணுவதில்லை. அமெரிக்காவில் நான்சி கிளாஸ் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், துணைவரின் வன்முறைக்கு உள்ளான பெண்களில் முன்னரே கழுத்து நெரிக்கப்பட்டவர்கள் பின்னாளில் கொல்லப்படுவதற்கான வாய்ப்பு, நெரிக்கப்படாதவர்களைவிட ஏழு மடங்குக்கும் அதிகம் என்று கணக்கிட்டார்கள். நியூ சவுத் வேல்ஸில் 2018இல் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து, பாதிக்கப்பட்டவர் மயங்கி விழுந்தாரா இல்லையா என்பதைப் பாராமல், சம்மதமின்றி ஒருவரின் கழுத்தை வேண்டுமென்றே நெரிப்பதே குற்றமாகும்.

இதற்கு மருத்துவப் பக்கம் ஒன்றும் உண்டு. நெரிக்கப்பட்ட பலருக்கு வெளியே எந்த அடையாளமும் தெரிவதில்லை. கழுத்தின் இரத்தக் குழாய்களில் ஏற்பட்ட காயம் சில நாட்கள் கழித்தும் ஆபத்தை உண்டாக்கக்கூடும். குரல் கம்முதல், விழுங்கும்போது வலி, விடாத தலைவலி, பார்வை மங்குதல் ஆகியவற்றில் ஏதேனும் இருப்பதாக மகள் எப்போதாவது சொன்னால், யார் செய்தது, ஏன் செய்தார் என்ற விசாரணையை அந்த நேரத்தில் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரிடமோ மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ அழைத்துச் செல்லுங்கள்.

இனி ஆய்வைப் பற்றி. நீங்கள் கேள்விப்பட்டது கான்பராவில் உள்ள ஆஸ்திரேலியக் குற்றவியல் நிறுவனத்தின் பணியாக இருக்க வேண்டும். பல ஆண்டுகளாக அந்த நிறுவனம் பைக்கி கும்பல்களைப் பற்றித் தொடர்ச்சியாக ஆராய்ந்து வருகிறது. காவல்துறைகளும் ஆஸ்திரேலியக் குற்றப் புலனாய்வு ஆணையமும் வைத்திருக்கும் கும்பல் உறுப்பினர் பட்டியலை எடுத்து, அதில் உள்ளவர்களின் குற்றப் பதிவுகளோடு இணைத்துப் பார்ப்பது அவர்களுடைய முறை. அவ்வாறு பார்த்தபோது, போதைப்பொருள், ஆயுதம், மிரட்டிப் பணம் பறித்தல் போன்ற எதிர்பார்த்த குற்றங்களோடு, துணைவியருக்கு எதிரான வன்முறையும் உறுப்பினர்களின் பதிவுகளில் பரவலாகக் காணப்பட்டது. ஆகவே நீங்கள் கேட்ட செய்திக்கு ஆதாரம் இருக்கிறது.

இது ஏன் இவ்வளவு காலம் கவனிக்கப்படாமல் இருந்தது என்று நீங்கள் வியக்கலாம். இந்நாட்டில் பைக்கி கும்பல் என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது தெருவில் நடந்த வன்முறைதான். 1984 செப்டம்பரில், தந்தையர் தினத்தன்று, சிட்னியின் மில்பெராவில் கொமாஞ்செரோ கும்பலும் பண்டிடோஸ் கும்பலும் துப்பாக்கிகளோடு மோதியதில் 7 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருத்தி அங்கே தற்செயலாக இருந்த பதின்வயதுப் பெண். 2009இல் சிட்னி விமான நிலையத்துக்குள்ளேயே ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். 2013இல் குயின்ஸ்லாந்தின் பிராட்பீச்சில் உணவகம் ஒன்றின் முன் கைகலப்பு நடந்தது. இத்தகைய நிகழ்வுகளுக்குப் பின் கடுமையான சட்டங்கள் வந்தன: உறுப்பினர்கள் ஒன்றுகூடத் தடை, சின்னம் அணியத் தடை, கிளப் கட்டடங்களை மூடுதல் என்று. அவை அனைத்தும் பொது இடத்தின் அமைதியைக் காக்க எழுதப்பட்டவை. மதுக்கடை வாசலில் மேலங்கியோடு நிற்பவர்மீது அரசுக்கு இருந்த அக்கறை, அவர் வீடு திரும்பிய பிறகு அங்கே என்ன செய்கிறார் என்பதில் இருக்கவில்லை என்பது என் கருத்து. குற்றவியல் நிறுவனத்தின் ஆய்வு முக்கியமாவது, அதே பட்டியலை எடுத்து வீட்டின் பக்கம் திருப்பிப் பார்த்ததால்தான்.

ஆனாலும் இத்தகைய ஆய்வை எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அதிலிருந்து பிழையான ஆறுதலையோ பிழையான பீதியையோ நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடும். இது காவல்துறைப் பதிவுகளை எண்ணும் ஆய்வு. வீட்டில் நடந்த வன்முறைக்கும் பதிவான வன்முறைக்கும் இடையில் பெரிய தூரம் உண்டு. ஆஸ்திரேலியப் புள்ளியியல் பணியகம் 2021–22இல் நடத்திய தனிநபர் பாதுகாப்பு ஆய்வின்படி, 15 வயதுக்குப் பிறகு நெருங்கிய துணைவர் ஒருவரின் வன்முறைக்கு உள்ளானவர்கள் 4 பெண்களில் 1 என்ற அளவில் இருக்கிறார்கள். இவர்களில் பெருந்தொகையானோர் போலீசின் பக்கமே போகாதவர்கள். பைக்கி கும்பலைப் பொறுத்தவரை இந்தத் தூரம் இரு திசைகளிலும் இழுபடுகிறது. ஒருபுறம், கும்பல் உறுப்பினர்களைப் போலீஸ் தனிப் பிரிவுகளை அமைத்து இரவு பகலாகக் கண்காணிக்கிறது; சாதாரண ஒருவர் விஷயத்தில் எச்சரிக்கையோடு முடிந்துபோகும் சம்பவம், இவர்கள் விஷயத்தில் வழக்காகப் பதியப்படும் வாய்ப்பு கூடுதல். அதனால் எண்ணிக்கை ஊதிப்போகலாம். மறுபுறம், கும்பலில் இருப்பவருடைய துணைவி போலீசை அழைப்பது, தன் கணவரைப் பற்றி மட்டுமல்லாமல் ஒரு கூட்டத்தைப் பற்றியே வெளியே பேசுவதாகக் கருதப்படும். அதன் விளைவுக்கு அஞ்சி வாய்மூடி இருப்பவர்கள் எத்தனையோ பேர். அதனால் எண்ணிக்கை சுருங்கியும் போகலாம். எது அதிகம் என்று பதிவேட்டை வைத்து மட்டும் தீர்ப்பளிக்க இயலாது. பெண்களோடு பேசிவரும் அனுபவத்தில், இரண்டாவதுதான் கனமானது என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்று, ஒப்பீடு. 'மற்றவர்களைவிட அதிகம்' என்னும்போது அந்த மற்றவர்கள் யார்? நாட்டின் எல்லா ஆண்களோடும் ஒப்பிட்டால் வித்தியாசம் மிகப் பெரிதாகத் தெரியும். ஆனால் அதில் வியப்பில்லை, ஏனெனில் கும்பலில் சேர்பவர்களில் பலர் ஏற்கெனவே குற்றப் பதிவு உள்ளவர்கள். அதே வயதும், அதே போன்ற குற்றப் பின்னணியும் கொண்டு, ஆனால் கும்பலில் சேராத ஆண்களோடு ஒப்பிடும்போதுதான் கும்பலுக்கென்று ஏதேனும் பங்கு உண்டா என்று பேச முடியும். செய்தித் தலைப்புகள் இந்த வேறுபாட்டை விளக்குவது அரிது. ஆய்வின் பெயரால் யாராவது ஒரு சதவீதத்தை உங்களிடம் சொன்னால், யாரோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். கும்பல்களுக்குள்ளும் ஒரே சீர் இல்லை. கடுமையான குற்றங்கள் எல்லா உறுப்பினர்களிடமும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஒரு பகுதியினரிடமும் சில கிளைகளிடமும் குவிந்திருக்கின்றன என்பதையும் அதே நிறுவனத்தின் ஆய்வுகள்தான் காட்டுகின்றன.

இங்கிருந்து உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: கும்பல்தான் அவரை மாற்றியதா? குற்றவியலில் இந்தக் கேள்விக்கு நெடிய வரலாறு உண்டு. அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரத்து இளைஞர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த டெரன்ஸ் தார்ன்பெரியும் அவருடைய குழுவினரும் 1993இல் மூன்று சாத்தியங்களை எதிரெதிரே வைத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே வன்முறைப் போக்குள்ளவர்கள் கும்பலைத் தேடிப் போகிறார்கள், கும்பலும் அவர்களையே தேர்ந்தெடுக்கிறது என்பது ஒன்று. சாதாரணமானவர்களைக் கும்பல் குற்றவாளிகளாக்குகிறது என்பது இன்னொன்று. இரண்டும் கலந்து, முன்பே இருந்த போக்கைக் கும்பல் மேலும் வளர்க்கிறது என்பது மூன்றாவது. அந்த இளைஞர்கள் கும்பலில் இருந்த காலத்தில் குற்றங்கள் கூடின, விலகியதும் குறைந்தன என்று அவர்கள் கண்டார்கள். இதைப் படிக்கும் தாய்க்கு உடனே ஒரு நம்பிக்கை பிறக்கும்: விலகினால் சரியாகிவிடுவார். ஆனால் அந்த ஆய்வு அளந்தது பதின்வயதினரின் தெருக் குற்றங்களை. முப்பது வயது ஆண் தன் வீட்டுக்குள் ஒரு பெண்ணை நடத்தும் விதத்துக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. தெருச் சண்டைக்குத் தோழர்கள் தேவை, பகைக் கும்பல் தேவை, ஓர் இரவும் ஓர் இடமும் தேவை. துணைவியின் தொலைபேசியைப் பறித்துப் பார்ப்பதற்கு அவற்றில் எதுவும் தேவையில்லை.

ஆஸ்திரேலியப் பைக்கிகளைப் பொறுத்தவரை, எல்லோரும் சிறுவயதிலேயே குற்றத்தில் இறங்கியவர்கள் அல்லர். ஒரு பகுதியினரின் குற்றங்கள் வளர்ந்த பிறகே கூடிச் செல்கின்றன. ஆகவே, சேருமுன் நல்லவராகத் தெரிந்தார், சேர்ந்த பின் மாறினார் என்று உங்கள் மகள் சொன்னால் அதைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. அவர்களுடைய உலகம் ஆண்களுக்கு மட்டுமானது. பெண்களுக்கு அங்கே உறுப்புரிமை கிடையாது. மரியாதை என்பது பிறரைப் பணியவைப்பதால் கிடைப்பது, வெளியாட்களிடம் பேசுவது துரோகம், தன் ஆட்களைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடியாதவன் ஆணே அல்ல என்னும் விதிகளை அங்கே வாரந்தோறும் பழகி வரும் ஒருவர், வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்து அவற்றையும் கழற்றிவைத்துவிட்டு உள்ளே வருவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அதே சமயம், அந்த விதிகள் அவருக்கு ஏன் அவ்வளவு எளிதாகப் பொருந்தின என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் சம்பளம் எப்போதிலிருந்து அவர் சொல்லும் கணக்குக்குப் போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. மேலங்கி வருவதற்கு முன்பே அது தொடங்கியிருந்தால், உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது.

விலகியவர்களிடம் பேசி நடத்திய ஆய்வுகளும் உண்டு. கிளப்பின் மீது வந்த ஏமாற்றம், உள்ளே நடந்த சச்சரவு, குடும்பத்தின் மீதான பொறுப்பு ஆகியவையே பலரை வெளியே கொண்டுவந்திருக்கின்றன. அது நல்ல செய்திதான். ஆனால் விலகுவது வன்முறைக்குச் சிகிச்சை ஆகாது. கிளப்பின் மதிப்பையும் நண்பர்களையும் வருமானத்தையும் ஒரே நேரத்தில் இழந்துவரும் ஒருவருடைய அதிகாரத்துக்கு எஞ்சியிருப்பது வீடு மட்டும் என்றாகும்போது, அங்கே பிடி இறுகவும் கூடும். தன் நடத்தையை மாற்றிக்கொள்ள அவருக்கே விருப்பம் இருந்தால், அதற்கென ஆண்களுக்கான ஆலோசனை எண் 1300 766 491 இருக்கிறது. அந்த மாற்றத்துக்காகக் காத்திருப்பது உங்கள் மகளின் பொறுப்பு அல்ல.

ஆய்வு ஒரு கூட்டத்தைப் பற்றியது; மகளோடு வாழ்பவர் ஒரு மனிதர். ஆயிரம் உறுப்பினர்களின் பதிவுகளைக் காட்டி இவர் இன்னது செய்வார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆய்வாளர்களே அப்படிச் சொல்வதில்லை. அபாயத்தை மதிப்பிடும்போது நாங்கள் முதலில் பார்ப்பது அவர் உங்கள் மகளை எப்படி நடத்துகிறார் என்பதைத்தான். மேலங்கியைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகே வரும். அந்த வகையில் நீங்கள் எழுதிய மூன்று செய்திகள், தொலைபேசி, சம்பளம், பிறந்த வீட்டுக்கு வருவது குறைந்தது ஆகியவை, கழுத்து அடையாளத்தை ஒதுக்கி வைத்தாலும் போதிய கவலைக்குரியவை. 2024 ஜூலை 1 முதல் நியூ சவுத் வேல்ஸில் துணைவரையோ முன்னாள் துணைவரையோ தொடர்ச்சியான துன்புறுத்தல் நடத்தையால் அடக்கியாள முற்படுவது தனிக் குற்றம். அதிகபட்சத் தண்டனை 7 ஆண்டுச் சிறை. பணத்தைக் கட்டுப்படுத்துவது, கண்காணிப்பது, உற்றாரிடமிருந்து பிரித்துவைப்பது எல்லாம் அந்த நடத்தைக்குள் வரக்கூடியவை. வழக்காக நிரூபிக்க அவருடைய நோக்கத்தையும், அந்த நடத்தை அவளுக்கு ஏற்படுத்தக்கூடிய பாதிப்பையும் காட்ட வேண்டும் என்பதால், சட்டம் இருப்பதாலேயே நாளை கைது நடக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆனால் 'கை நீட்டியதில்லை' என்ற சொல்லோடு பேச்சு முடிந்துவிட வேண்டிய காலம் போய்விட்டது.

கும்பல் இந்தப் படத்துக்குள் எங்கே வருகிறது என்றால், அவள் வெளியேற நினைக்கும் கட்டத்தில். சாதாரணமாக ஒரு பெண்ணுக்கு ஒருவரிடமிருந்து ஒளிந்துகொண்டால் போதும். இங்கே பார்ப்பதற்குப் பல கண்கள் இருக்கின்றன. அவளுடைய கார் எங்கே நிற்கிறது, எந்தக் கடையில் வேலை செய்கிறாள் என்று கேட்டறிய அவருக்கு ஆட்கள் உண்டு. பெரிய கும்பல்களுக்குப் பல மாநிலங்களில் கிளைகள் இருப்பதால், மெல்பர்னில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் முடிந்தது என்ற வழக்கமான யோசனையும் இங்கே அவ்வளவு பாதுகாப்பானதல்ல. ஆயுதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏவிஓ எனப்படும் பாதுகாப்பு ஆணை தற்காலிகமாகப் பிறப்பிக்கப்பட்டாலே எதிராளியின் துப்பாக்கி உரிமம் நிறுத்தப்படும், இறுதி ஆணையானால் ரத்தாகும். உரிமமே இல்லாத துப்பாக்கியை எந்த ஆணையும் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. ஜாக்குலின் கேம்ப்பெல் தலைமையில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு, துணைவரால் பெண்கள் கொல்லப்படுவதோடு வலுவாகத் தொடர்புடையவையாகக் கண்டவற்றுள் அவர் கைக்கு எட்டும் துப்பாக்கியும் ஒன்று, அவரைவிட்டு அவள் பிரிவதும் ஒன்று. ஆகவே வீட்டில் துப்பாக்கியை அவள் எப்போதாவது கண்டிருந்தால், பாதுகாப்புத் திட்டம் வகுப்பவர்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வெளியே அதிகம் பேசப்படாத இன்னொரு சிக்கல் பணமும் பெயரும். வாடகை ஒப்பந்தம், கார்ப் பதிவு, வங்கிக் கணக்கு ஆகியவை துணைவியின் பெயரில் இருப்பது இத்தகைய உறவுகளில் நாங்கள் காண்பது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத பணம் அவள் கணக்கின் வழியாகப் போயிருந்தால், போலீசிடம் போனால் தானே மாட்டிக்கொள்வோம் என்ற அச்சம் அவளை அங்கேயே கட்டிப்போடும். அந்த அச்சத்தை வேண்டுமென்றே ஊட்டி வளர்ப்பவர்களும் உண்டு. ஆதலால் அவள் போலீசிடம் வாக்குமூலம் கொடுக்குமுன் ஒரு வழக்கறிஞரிடம் தனியாகப் பேசுவது நல்லது. அரசின் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்டின் குடும்ப வன்முறைப் பிரிவில் இது இலவசமாகக் கிடைக்கும். அவள் வழக்கறிஞரிடம் சொல்வது இரகசியமாகவே இருக்கும் என்பதையும் அவளுக்குத் தெரியப்படுத்துங்கள்.

மூன்றாவது கேள்வி, அவருடைய பழைய வழக்குகள். மற்றொருவரின் குற்றப் பதிவைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014 முதல், துணைவருக்கு வன்முறைப் பின்னணி உண்டா என்று போலீசிடம் கேட்டறியும் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. தென் ஆஸ்திரேலியாவும் அதுபோன்ற ஒன்றை 2018இல் தொடங்கியது. நியூ சவுத் வேல்ஸ் 2016இல் சில பகுதிகளில் சோதித்துப் பார்த்துவிட்டுத் தொடராமல் விட்டுவிட்டது. இதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை என்றால் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். பதிவு சுத்தமாக இருக்கிறது என்ற பதில் கிடைத்திருந்தால், மேலே சொன்ன காரணங்களால் அது பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகியிருக்காது. ஆனால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள். முன்னாள் காதலியைத் தேடிப்பிடித்து விசாரிப்பதோ, சமூக ஊடகத்தில் கிளப் ஆட்களின் பக்கங்களைத் துழாவுவதோ வேண்டவே வேண்டாம். அந்தச் செய்தி அவருடைய காதுக்குப் போய்ச் சேரும், அதன் பலனை அனுபவிப்பவள் உங்கள் மகள்.

கடைசியாக, அவளுக்குத் தெரியாமல் போலீசுக்குப் போவது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றும் நேரத்தில், அடிதடிச் சத்தம் கேட்டால், 'அம்மா வா' என்று பாதியில் அறுந்த அழைப்பு வந்தால், யாரிடமும் அனுமதி கேட்காமல் அவசர எண் 000 அழையுங்கள். அவர் கும்பலைச் சேர்ந்தவர், ஆயுதம் இருக்கக்கூடும் என்பதை அழைப்பின்போதே சொல்லுங்கள். வரும் காவலர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். மற்ற நேரங்களில் என் பதில், முதலில் போலீஸ் அல்ல, குடும்ப வன்முறைச் சேவை என்பதே. குடும்ப வன்முறைக் குற்றம் நடந்திருக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்ற சந்தேகம் எழுந்தால், பாதிக்கப்பட்ட பெண் வேண்டாம் என்றாலும் பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பிக்க வேண்டிய கடமை நியூ சவுத் வேல்ஸ் போலீசுக்கு உண்டு. அது நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட விதி. ஆனால் அவள் தயாராகாத ஒரு மாலையில் காவலர்கள் கதவைத் தட்டினால், அழைத்தது தாய் என்று அவர் நினைக்கப்போவதில்லை, இவள்தான் வாய் திறந்தாள் என்றே முடிவுகட்டுவார். பெயர் சொல்லாமல் கொடுக்கும் புகாருக்கும் இதே கதிதான். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: கும்பல்களைக் கவனிக்கும் பிரிவின் அக்கறை அந்த மனிதர்மீது, குடும்ப வன்முறை அதிகாரியின் அக்கறை உங்கள் மகள்மீது. காலம் வரும்போது காவல் நிலையத்தில் இரண்டாமவரைக் கேளுங்கள்.

பாதுகாப்பு ஆணை வெறும் காகிதம் என்று சிலர் உங்களிடம் சொல்வார்கள். அது முழு உண்மையல்ல. அணுகக் கூடாது, தொடர்புகொள்ளக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருந்தால், நண்பர்கள் மூலம் தூது அனுப்புவதும் மீறலாகும், மீறுவது குற்றம். 2017 நவம்பர் 25 முதல் ஒரு மாநிலத்தில் பிறப்பிக்கப்பட்ட ஆணை எல்லா மாநிலங்களிலும் செல்லும். ஆனால் அதை எப்போது எடுப்பது, எடுக்கும் நாளன்று அவள் எங்கே தங்குவது என்பதை முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

அதுவரை மகளிடம் 'ஒன்று அவன், இல்லாவிட்டால் நாங்கள்' என்று பேசாதீர்கள். உங்களையும் அவளையும் பிரிக்க அவர் செய்துவரும் வேலையை நீங்களே முடித்துக்கொடுத்ததாகிவிடும். சனம் என்ன சொல்லும் என்ற பேச்சையும் வீட்டுக்குள் யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் வழியை அடைப்பதில் அதற்கு இணை இல்லை. ஆய்வைப் பற்றிய செய்தியை அவளுக்கு அனுப்பவும் வேண்டாம். அவளுடைய தொலைபேசியை அவர் பார்க்கிறார். நேரில் வரும்போது, தனியாக இருக்கையில், 'உன் கழுத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது, நீ எதைச் சொன்னாலும் நான் உன்மீது கோபப்பட மாட்டேன்' என்ற அளவில் சொல்லி நிறுத்துங்கள். கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், மெடிகேர் அட்டை ஆகியவற்றின் நகல்களை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள அவள் சம்மதித்தால் வாங்கி வையுங்கள்.

நியூ சவுத் வேல்ஸ் குடும்ப வன்முறை உதவி எண் 1800 65 64 63. நாடளாவிய எண் 1800 737 732. இரண்டும் நாள் முழுவதும் இயங்குபவை, பாதிக்கப்பட்டவரின் தாயும் அழைக்கலாம். ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் இருந்தால் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வழியாக இணைக்கச் சொல்லுங்கள். நம் சமூகம் சிறியது, மறுமுனையில் தெரிந்தவர் வந்துவிடுவாரோ என்ற தயக்கம் நியாயமானதே. உங்கள் பெயரையோ மகளின் பெயரையோ மொழிபெயர்ப்பாளரிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, வேறு மாநிலத்தில் இருப்பவரைக் கேட்கவும் செய்யலாம். அழைக்கும்போது கழுத்து அடையாளம், சம்பளக் கணக்கு, கும்பல் உறுப்புரிமை ஆகிய மூன்றையும் அதே வரிசையில் சொல்லுங்கள். மகளின் பெயரில் பதிவான, அல்லது அவளும் அவரும் பங்குபோடும் திட்டத்தில் இருக்கும் தொலைபேசியிலிருந்து மட்டும் அழைக்காதீர்கள்.